சர்ச்சுப் படத்து ஓடக்காரர்

கண்டி மஹியாவையில் செல்லச்சாமியின் வீட்டுக்குள் முதல் தடவை காலடி வைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்க வேதக்காரங்களா?" கேட்பவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. நிலைப்படியில் மாவிலை தொங்குகிறது. மனிதர் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. முன்னறைச் சுவரில் முருகன், லட்சுமி, காளியம்மன் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் நடுவில், எல்லோரையும் விடப் பெரிதாக, ஒரு வெள்ளைக்காரச் சர்ச் மாட்டியிருக்கிறது. மாலையிலும் பெரிய மாலை அதற்குத்தான்.

செல்லச்சாமி இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டதே கிடையாது. "இல்லீங்க, அது எங்கப்பா" என்பார்.

வந்தவர் விழிப்பார். படத்தை மறுபடி பார்ப்பார். கறுப்புக் கோடுகளால் அச்சடித்த பழங்காலப் படம் அது. தாள் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுத்துப் போயிருக்கும். ஆற்றங்கரையில் ஒரு கல் கட்டடம், கைகூப்பியதுபோல் உச்சியில் கூராக முடிகிற ஜன்னல்கள், முள்முள்ளாகக் கோபுரங்கள். ஆறு சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அப்பா எங்கே என்று தேடுகிறவருக்குச் செல்லச்சாமியே விரலால் காட்டுவார். இடது பக்க மூலையில் ஒரு சிறு ஓடம், அதில் சோற்றுப்பருக்கை அளவுக்கு ஒரு ஆள். கழியை ஊன்றிக்கொண்டு, இடது தோளைச் சற்றே சாய்த்து, முதுகைக் காட்டி நிற்கிறார். அந்த இடத்துக்கு நேரே கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும்.

அப்பாவின் பெயர் கறுப்பையா. கெலிஓயாப் பக்கம் மகாவலி ஆற்றில் தேயிலைத் தோட்டத்து ஓடம் அவர் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் துரைமாரையும் துரைசானிமாரையும் அக்கரையில் இருந்த அவர்களுடைய சின்னச் சர்ச்சுக்குக் கொண்டுபோய் விடுவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாழைக்குலை, கோழிக்கூடு, பிரசவ வலி வந்த பெண்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவார். ஒரு ஆடி மாதம் ஆறு பெருகி, கட்டியிருந்த ஓடம் அறுத்துக்கொண்டு போனது. அதைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கியவர் திரும்பவில்லை. செல்லச்சாமி அப்போது தவழ்கிற பிள்ளை.

அவருக்கு ஒரு போட்டோ இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆளை நிற்க வைத்து யார் படம் எடுத்தார்கள்? பங்களா நாய்க்குக்கூட ஒன்றுக்கு மூன்றாகப் படம் இருந்ததாம், ஆற்றைக் கடத்திவிட்ட மனிதனுக்கு இல்லை.

அம்மா பங்களாவில் சமையலறை வேலை செய்தாள். புருசன் போன மறு வருசமோ அதற்கடுத்த வருசமோ, துரைசானி ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டாள். சாமான்களைக் கட்டும்போது, "இந்த வீட்டிலிருந்து உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாளாம். சேலை கேட்பாள், பித்தளைப் பாத்திரம் கேட்பாள் என்று மற்ற வேலைக்காரர்கள் காத்திருந்தார்கள். அம்மா சுவரில் இருந்த இந்தப் படத்தைக் காட்டினாள்.

"அதுல எம் புருசன் நிக்கிறாருங்க."

துரைசானி படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தானே ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி, தன்னுடைய சால்வையால் சுற்றி அம்மா கையில் கொடுத்தாளாம். இந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா மூக்கைச் சீந்திக்கொள்வாள்.

அந்தப் படத்துடனும் பிள்ளையுடனும் கண்டிக்கு வந்தவள்தான். மாநகர சபைத் துப்புரவு வேலை கிடைத்து, மஹியாவையில் ஒரு அறையும் கிடைத்தது. முதலில் ஆணி அடித்தது படத்துக்குத்தான்.

செல்லச்சாமி கொஞ்சம் வளர்ந்து விவரம் தெரிந்தபோது கேள்விகள் கேட்டான். எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. படத்தில் கல்பாலம் ஒன்று தெரிகிறதே, கெலிஓயாவில் அப்படிப் பாலம் இல்லையே? "அது வெள்ளத்துல போயிருச்சு." மரங்களில் ஒரு இலைகூட இல்லையே? "அந்த வருசம் நல்ல வெயில் காய்ச்சல்டா, எல்லாம் கருகிப் போச்சு." அப்பா தலையில் தொப்பி மாதிரி இருக்கிறதே? "தலப்பாக்கட்டு. படம் எழுதுனவனுக்கு அதெல்லாம் எழுதத் தெரியல." ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவள் கொஞ்சம் தயங்குவாள்.

"அப்பா ஏம்மா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாரு?"

"ஓடத்துல ஆளுங்க இருக்காங்கல்ல. கரையில கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்புவாரு."

பையன் அதை அப்படியே நம்பினான். காலையில் கண் விழித்ததும் பாயிலிருந்தே படத்தைப் பார்ப்பான், இராத்திரியில் திரும்பியிருப்பாரோ என்று. திரும்பியிருக்க மாட்டார். சரி, இன்னும் கரை வரவில்லை என்று எழுந்து முகம் கழுவப் போவான். இந்த நம்பிக்கை எந்த வயதில் அவனைவிட்டுப் போனது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. போய்விட்டதா என்பதே சந்தேகம்தான்.

பிறகு வாழ்க்கை நடந்தது. அம்மா வேலை செய்த மாநகர சபையிலேயே அவருக்கும் தெருவிளக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம் முதல் வாவிக்கரை வரை அவர் ஏறாத கம்பம் இல்லை. முதல் சம்பளத்தைப் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் அம்மா கையில் கொடுத்தார். ஆடி அமாவாசை வந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் இழுபறி. பெரஹரா ஊர்வலத்துக்கு ஊரெல்லாம் விளக்குப் போடுகிற காலமும் அதுதான். விடியற்காலையில் குளித்து, அப்பாவுக்குப் படையல் வைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு வேலைக்கு ஓடுவார். "கம்பத்துல ஏறி நிக்கும்போது பாத்தா நீயும் அந்தப் படம் மாதிரிதான்டா இருக்க" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அவரும் இடது தோளைச் சாய்த்துத்தான் நிற்பார்.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கல்யாணமாகி வந்த புஷ்பம், முதல் நாள் இந்தப் படத்தைப் பார்த்ததும் தன் தாயின் முழங்கையைக் கிள்ளினாள். வேதக்காரக் குடும்பத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டீர்களே என்று அர்த்தம். மாமியார் வந்து, சோற்றுப்பருக்கை அளவு மாமனாரைக் காட்டி, விழுந்து கும்பிடச் சொன்னாள். புஷ்பம் கும்பிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படத்துக்குச் சாம்பிராணி காட்டி ஒரு வாழைப்பழம் வைப்பவள் அவள்தான். "பொறந்ததுலருந்து படத்தையே பாத்துப் பாத்து இந்த மனுசனும் கோணிப் போயிட்டாரு" என்று அவர் தோளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பவளும் அவள்தான்.

எண்பத்திமூன்று ஜூலைக் கலவரத்தில், கூட வேலை செய்த சிங்களவர் ஒருவர் வந்து, "இப்பவே கிளம்புங்கள், என் வீட்டுக்கு வாருங்கள்" என்று அவசரப்படுத்தினார். புஷ்பம் நகைப்பெட்டியை எடுத்தாள். அம்மா அரிசிப் பையை எடுத்தாள். செல்லச்சாமி படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவர் வேறு எதையும் எடுக்கவில்லை.

இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். செல்லச்சாமி கேமராவுக்கு முகம் கொடுக்க மாட்டார். கல்யாண ஆல்பத்தில் ஒன்றில் குனிந்திருப்பார், ஒன்றில் யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் பார்ப்பார். அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் முழுமுகம், அதுவும் அரசாங்கத்துக்குப் பயந்து. மகள் அனுஷியா வங்கியில் வேலைக்குச் சேர்ந்து நல்ல போன் ஒன்று வாங்கிய நாளிலிருந்து முயன்று பார்க்கிறாள். போனைத் தூக்கினாலே அவருடைய கை முகத்துக்கு முன்னால் போய்விடும்.

"எங்கப்பாவுக்கே ஒண்ணு இல்ல. எனக்கு எதுக்குடி?"

வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொல்வார். வேடிக்கை இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படியே போயிருக்க வேண்டியது. கெடுத்தது ஒரு குரங்கு.

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. புஷ்பம் பழம் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். செல்லச்சாமி பின்ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்டிக் குரங்குகளுக்கு வீட்டுக்காரரைவிட வீடு நன்றாகத் தெரியும். உள்ளே வந்த ஒன்று, முருகனுக்கு வைத்த பழத்தையும் எடுத்து, அப்பாவுக்கு வைத்த பழத்தையும் எடுக்க எட்டித் தொங்கியதில் படம் மொத்தமாகக் கீழே வந்தது. கண்ணாடி தூள் தூளானது. குரங்கு பழத்துடன் போய்விட்டது. அப்பா குப்புறக் கிடந்தார்.

"ஜன்னலத் தெறந்து வைக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது!" என்று புஷ்பம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஆடி மாதத்தில் அப்பா படம் விழுவது என்ன சகுனமோ என்று அவளுக்குப் பயம். ஆடி அமாவாசைக்கு முன்னால் புதுக்கண்ணாடி போட்டாக வேண்டும் என்று அன்று சாயந்திரமே தகப்பனும் மகளும் படத்தைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள்.

பிரேம் கடை ஹுஸைன் செல்லச்சாமிக்குப் பழைய பழக்கம், அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். கடை வாசல் விளக்கு எரியாவிட்டால் ஹுஸைன் மாநகர சபைக்குப் போகமாட்டார், நேரே இவரிடம் சொல்வார். அப்படிப் பழக்கம். அவர் படத்தை மேசையில் கவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கி, பின்பலகையை எடுத்தார். பிறகு படத்தைச் சுற்றிவர இருந்த தடித்த அட்டையை மெதுவாகத் தூக்கினார். அட்டைக்கு அடியில், படத்தின் கீழ்விளிம்பில், இத்தனை காலமும் வெளிச்சம் படாமல் வெள்ளையாக இருந்த பட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தது.

ஹுஸைன் குனிந்து படித்தார். நிமிர்ந்து செல்லச்சாமியைப் பார்த்தார். மறுபடி குனிந்து படித்தார்.

"என்ன நானா, பூச்சி அரிச்சிருக்கா?" என்று செல்லச்சாமி கேட்டார்.

"பூச்சி இல்ல செல்லண்ணே." ஹுஸைன் கையைத் துணியில் துடைத்தார், தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். "மகள் ஒருக்காப் பாருங்களேன். எண்ட கண் சரியில்ல."

அனுஷியா படித்தாள். யோர்க்‌ஷயர் என்று இருந்தது. ஒரு சர்ச்சின் பெயர், ஒரு ஆற்றின் பெயர், செதுக்கியவன் பெயர், ஒரு ஆண்டு. எல்லாம் இங்கிலாந்து. அந்த ஆண்டில் கறுப்பையா மட்டும் அல்ல, கறுப்பையாவின் தாத்தாகூடப் பிறந்திருக்க மாட்டார்.

அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. செல்லச்சாமி ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. மேசையில் கண்ணாடி இல்லாமல் கிடந்த படத்தின் மேல் குனிந்தார். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியோடு போய்விட்டன. முதல் தடவையாக அந்த ஆளை வெறும் தாளில் பார்த்தார். தலைப்பாகை தொப்பியாக இருந்தது. நல்ல விளிம்பு வைத்த வெள்ளைக்காரத் தொப்பி.

"கண்ணாடி போட்டு வைங்க நானா. அப்புறம் வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினார். அனுஷியா பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வீட்டில் படம் இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. செல்லச்சாமி அதற்கு எதிரே கதிரையைப் போட்டு உட்காராமல், திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தார்.

"எங்கம்மா என்னைய ஏமாத்திட்டா."

"அந்த மனுசிக்கு என்ன தெரியும்?" என்றாள் புஷ்பம். "படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா? துரைசானிக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"அவளும்தான் ஏமாத்திட்டா. எவனோ ஒரு வெள்ளக்காரன். அவனுக்குப் படையல் போட்டு, அவங் கால்ல எம் புள்ளையப் போட்டு..." சுவரைப் பார்க்காமலே கையை அந்தப் பக்கம் நீட்டினார். "எனக்கு அப்பன்னு இருந்ததே அந்த முதுகு ஒண்ணுதான் புஷ்பம். இப்ப அதுவும் இல்லேன்னா நான் யாரக் கும்பிடுறது?"

புஷ்பம் அமாவாசைக்கு உளுந்து வாங்குவதா வேண்டாமா என்றுகூடக் கேட்கப் பயந்துபோய் அடுப்படிக்குள் போனாள்.

அனுஷியா போனில் தேடிப் பார்த்திருந்தாள். அந்தச் சர்ச் இன்னும் அங்கே இருக்கிறது. கலர்ப் படங்கள் நிறைய இருந்தன. அப்பாவிடம் காட்டலாம் என்று நினைத்து விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"வாங்கப்பா, கெலிஓயா போயிட்டு வருவோம். தாத்தா ஓடம் விட்ட எடத்தையாவது பாப்போம்."

சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். கண்டியிலிருந்து கம்பளை பஸ்ஸில் ஏறினால் கெலிஓயா ஒரு தூக்கம் போடுகிற தூரம்கூட இல்லை. ஆனால் செல்லச்சாமி அங்கே இறங்கியதே இல்லை. அம்மா இருந்தவரை அந்த ஆற்றங்கரைக்குப் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மா போன பிறகு, படம்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

பேராதனை தாண்டியதும் தூறல் பிடித்தது. கடைத்தெருவில் இறங்கி, விசாரித்து, ஆற்றுப்பக்கம் இறங்குகிற பாதையில் நடந்தார்கள். ஓடத்துறை என்று ஒன்று இப்போது கிடையாது. கொஞ்சம் மேலே பாலம் வந்துவிட்டது. அக்கரையில் மரங்களுக்கு இடையில் சர்ச் தெரிந்தது. செல்லச்சாமி அதைப் பார்த்துவிட்டு வெறுமையாகச் சிரித்தார். இதுவா? நம்ம பள்ளிக்கூடக் கட்டடம் அளவுகூட இல்லை. கோபுரமும் இல்லை, முள்ளும் இல்லை. கருங்கல்லில் ஒரு சின்ன வீடு, பாசி பிடித்து நின்றது. அந்தக் கூர்முனை ஜன்னல்கள் மட்டும்தான் படத்தில் இருந்தவை போல இருந்தன. தன் ஊர் ஆற்றங்கரையை நினைத்து ஏங்கிய யாரோ கட்டியிருக்க வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் துரைசானியும் அந்தப் படத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மாட்டியிருப்பாள். அவள் அதில் தன் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்து தூசி தட்டிய அம்மா அதில் தன் புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அனுஷியாவுக்குத் தோன்றியது, அப்பாவிடம் சொல்லவில்லை.

செல்லச்சாமி தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை இறங்கிப் போனார். ஆறு கலங்கி, செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வழுக்காமலிருக்கக் கீழே கிடந்த ஒரு மூங்கில் கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டார். அப்படியே நின்றார். முகத்தை எடுக்கவிடாத மனிதர் முதுகையாவது எடுப்போம் என்று அனுஷியா போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள்.

அப்போதுதான் பின்னால் இருந்த வீட்டுப் படலைக் கதவுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"கறுப்பையாண்ணே! தண்ணிக்கிட்ட நிக்க வேணாம்! மேல வாங்க!"

செல்லச்சாமி திரும்பினார்.

ஒரு வயதான முஸ்லிம் பெண், முக்காட்டை இழுத்துவிட்டபடி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய வாய் அப்படியே திறந்து நின்றது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாஹ்... எனக்கு என்ன புடிச்சிச்சு? மன்னிச்சுக்கோங்க மவன். வேற ஒராள் எண்டு நெனச்சிட்டேன். ஆத்தோட போய் மௌத்தாகி எவ்வளவோ காலம் அவரு."

செல்லச்சாமி கரையேறி வரும்போது மூங்கிலை மறந்து கையிலேயே கொண்டுவந்தார். அனுஷியாதான் சொன்னாள். "பாட்டி, இவரு அவரோட மகன்."

அவளுடைய பெயர் உம்மு குல்சும். உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டு, பேரனின் மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். செல்லச்சாமியின் முகத்தை விட்டு அவள் கண் நகரவே இல்லை.

"நான் சின்னப் புள்ள. அக்கரையில குர்ஆன் ஓதப் போவோம், நானும் எண்ட தாத்தாவும். தாத்தா எண்டா எங்கட மூத்த சகோதரி, மவன். ஒங்கட வாப்பாதான் ஏத்திக்கொண்டு போவார். மழையில துண்டத் தலையில கட்டிக்கொண்டு, எடது தோளச் சாய்ச்சு, கழிய ஊண்டி நிப்பாரு. இப்ப நீங்க நிண்டீங்களே, அதே மாதிரி. எனக்கு வாயில தானா வந்திட்டு."

"எடது தோளா?" என்று செல்லச்சாமி கேட்டார்.

"எடது தோள்தான். கழி போட்டுப் போட்டு எறங்கிப் போச்செண்டு செல்லுவாங்க. நாங்க புள்ளைகள் எல்லாம் அதப் போல நடந்து காட்டிச் சிரிப்போம்."

செல்லச்சாமி தன் இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

"உம்மா, அவரு முகம் எப்படி இருக்கும்?"

உம்மு குல்சும் கண்ணை மூடினாள். யோசித்தாள். மிகவும் கஷ்டப்பட்டு யோசிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் தலையை ஆட்டினாள்.

"பொய் செல்லப்படாது மவன். எனக்கு மொகம் ஞாபகம் இல்ல. அவரு ஓடத்துல முன்னுக்கு நிப்பாரு, நாங்க பொம்புளப் புள்ளைகள் பின்னுக்குக் குந்தி இரிப்போம். நாங்க எல்லாம் கண்டது அவருட முதுகத்தான்." தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அண்டைக்கும் கடசியா எறங்கினது நாங்கதான். மழை வருது, கெதியா வீட்ட ஓடுங்க எண்டாரு. ஓடிட்டோம். திரும்பிப் பாக்கல்ல. ஒருக்காப் பாத்திருக்கலாம்."

கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவார் என்று அம்மா சொன்னாளே, அப்படி அவர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளில் ஒருத்தி இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். செல்லச்சாமி அந்த வீட்டில், முன்பின் தெரியாதவர்களுக்கு மத்தியில், துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். உம்மு குல்சும் தடுக்கவில்லை. அழட்டும் என்று அனுஷியாவுக்குக் கண்ணால் சொன்னாள்.

திரும்பி வரும்போது கண்டி டவுனில் இறங்கி நேரே ஹுஸைன் கடைக்குப் போனார்கள். ஞாயிறு என்றாலும் ஹுஸைன் உள்ளே இருந்தார். படத்துக்குப் புதுக்கண்ணாடி போட்டு, பின்பலகையை மட்டும் அடிக்காமல் வைத்திருந்தார். பழைய அட்டையும் பக்கத்தில் இருந்தது.

"செல்லண்ணே, ஒண்டு செல்லுங்க. அட்டையப் பழையபடி வெச்சா அந்த எழுத்து மறைஞ்சிரும். ஒருத்தருக்கும் தெரிய வராது. மறைக்கவா?"

செல்லச்சாமி படத்தைப் பார்த்தார். சோற்றுப்பருக்கை அளவு ஆள் தோளைச் சாய்த்து நின்றான்.

"வேணாம் நானா. எழுத்தும் தெரியட்டும். அதுக்கு என்ன?"

ஆடி அமாவாசை அன்று விடியற்காலையில் படம் பழைய ஆணிக்கே வந்துவிட்டது. பின்ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது, அதைப் புஷ்பம் இரண்டு தடவை போய்ப் பார்த்துக்கொண்டாள். வடை, பாயாசம், பூசணிக்காய்க் கறி எல்லாம் இலையில் வைத்தாயிற்று. மாலை போட்டாயிற்று. புஷ்பம் சந்தனக் கிண்ணத்துடன் படத்துக்கு முன்னால் போய்த் திகைத்து நின்றாள்.

"இப்ப இத எங்கங்க வைக்கிறது?"

"எப்பவும் வைக்கிற எடத்துலதான்."

"அது வெள்ளக்காரனாச்சே!"

"இருந்துட்டுப் போறான். இத்தன வருசமா நம்ம வடையத் தின்னுருக்கான், இனி அவனும் சொந்தந்தான்." சொல்லிவிட்டுச் செல்லச்சாமி சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா ஏமாத்தல புஷ்பம். அந்தத் தோளப் பாத்துத்தான் கேட்டு வாங்கியிருக்கா. அவ கண்ணுக்கு அப்படித்தான் நின்னுருக்காரு. எனக்கு அது போதும்."

புஷ்பம் கண்ணாடியில், ஓடக்காரனுக்கு நேரே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். சாம்பிராணிப் புகை படத்தை மறைத்து விலகியது. செல்லச்சாமி கைகூப்பி நின்றார். பின்னால் நின்ற அனுஷியாவுக்கு முதுகு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, சுவரில் சின்னதாக ஒன்று, கீழே பெரிதாக ஒன்று. அவள் போனை எடுத்தாள்.

"அப்பா."

"ம்."

"முதுகு கெலிஓயாவிலயே எடுத்துட்டேன். அது போதும். எனக்கு முகம் வேணும்."

பழக்கத்தில் செல்லச்சாமியின் கை பாதிவரை எழும்பியது. பிறகு இறங்கியது. அவர் மகள் பக்கம் திரும்பினார்.